பீரங்கி திரும்பிய முக்கு

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் நான் முதலில் பார்த்தது, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு பலாப்பழத்தை. பண்ருட்டியிலிருந்து வந்து நின்ற பேருந்து அது. பழத்தின் மேல் ஒரு துண்டு போட்டிருந்தது. பழத்துக்கு உரிய பெண்மணி பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். "கடலூர் வந்துடுச்சு, எறங்கு எறங்கு" என்று கண்டக்டர் சொன்னது பழத்தைப் பார்த்துத்தான்.

நான் கோயம்புத்தூரில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருபத்தாறு வருடம் இருந்தவள். மற்றவர்கள் எழுதியதில் உண்மையல்லாததை வெட்டுவது வேலை. ஓய்வு பெற்ற பிறகு வெட்ட எதுவும் கிடைக்காமல் இருந்தபோது, திருச்சியில் என்னோடு விடுதியில் படித்த பிலோமினா போன் செய்தாள்.

"நீ பேப்பர்ல இருந்தவ. எங்க வீட்டப் பத்தி ஒரு பொய் சுத்திக்கினு இருக்குது. வந்து அது பொய்யின்னு எழுதிக் குடுத்துட்டுப் போ."

"யாருடி கிளப்புனது?"

"நானுந்தான்" என்றாள்.

பிலோமினா வீடு இருப்பது கடலூர் பழைய நகரத்தில். ஊர்க்காரர்கள் அதை ஓ.டி. என்பார்கள், மஞ்சக்குப்பம் பக்கத்துப் புதிய நகரத்தை என்.டி. என்பார்கள். முழுப் பெயரைச் சொன்னால் வெளியூர் என்று தெரிந்துவிடும். நான் ஷேர் ஆட்டோக்காரரிடம் முழுப் பெயரைச் சொன்னேன்.

"கோயமுத்தூரா?" என்றார்.

"எப்படிங்க தெரிஞ்சுது?"

"இப்பத்தான் தெரிஞ்சிது."

ஆட்டோவில் ஏற்கெனவே ஏழு பேர் இருந்தார்கள். எட்டாவதாக நான் ஏறினேன். ஒன்பதாவதாக ஒரு மீன் பெட்டி ஏறி என் மடியில் உட்கார்ந்தது. ஐஸ் உருகி என் புடவை வழியாகக் கணுக்கால் வரை வந்து, கெடிலம் ஆறும் அதன் பாலமும் போய், ஓ.டி. வரும்போது பெட்டிக்காரர் எழுந்து, "ரொம்ப தேங்க்ஸுங்க. இவ்ளோ பொறுமையா யாரும் வெச்சிக்க மாட்டாங்க" என்றார்.

வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. இரண்டு சந்துகள் சேரும் இடத்தில் இருக்கிறது. இரண்டு சந்துகள் சேரும் இடத்தில் இருக்கும் எந்த வீட்டுக்கும் ஒரு மூலை இருக்கும். இந்த வீட்டுக்கு இல்லை. வெண்ணெய்க் கட்டியின் முனையைக் கத்தியால் சீவியது போல மூலையைச் சாய்வாக வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டியதால் கிடைத்த முக்கோண இடம் வெறுமனே கிடந்தது. அதில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நான்கு பக்கமும் கம்பி நடக் குழி தோண்டியிருந்தது. முக்கோணத்துக்கு எதற்கு நான்கு பக்கம் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியவை வேறு நிறைய இருந்தன.

காபி கொடுத்துவிட்டு பிலோமினா ஒரு அழைப்பிதழைக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கவுன்சிலர் வந்து ஒரு கருங்கல்லைத் திறந்துவைக்கிறார். கல்லில் பொறித்திருப்பது: 'கம்பெனிக் காலத்தில் துறைமுகத்துக்குச் சென்ற பீரங்கிகள் திரும்புவதற்காக வெட்டப்பட்ட மூலை.' அழைப்பிதழின் அடியில், 'முன்னிலை: திருமதி பிலோமினா, மரபுக் காவலர்.'

"மரபுக் காவலர் யாரு?"

"ஒரு பொன்னாட போத்துனாங்கடி. இருவது பேரு கை தட்டுனாங்க. இந்த மூலையத் தொட மாட்டேன்னு கையெழுத்துப் போடுங்கன்னாங்க, போட்டுட்டேன். அத்தன பேருக்கும் போண்டா வேற சுட்டுக் குடுத்தேன்."

அவளுடைய மகள் ஜெனிட்டா உள்ளேயிருந்து வந்தாள். பிசியோதெரபிஸ்ட். சென்னையில் ஒரு மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, இந்த வீட்டின் கீழ்த்தளத்தில் சொந்தமாக கிளினிக் வைக்க வந்திருக்கிறாள். ஓ.டி.யிலேயே பக்கவாதம் வந்து கை கால் இழுத்துக்கொண்ட நான்கு பேர் அவளுக்காகக் காத்திருக்கிறார்கள். இப்போது அவர்களைக் காரில் ஏற்றிப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

"வாசப்படி மூணு, ஆன்ட்டி. ஒவ்வொண்ணும் அரை அடி. வீல்சேர் ஏறணும்னா ராம்ப் பதினெட்டு அடி நீளம் வேணும். வாசலுக்கு நேரா சாக்கடை, பின்னாடி அடுத்த வீட்டுச் செவுரு. அந்த முக்கோணத்துல ஆரம்பிச்சு செவுர ஒட்டி வந்தாத்தான் பதினெட்டு அடி கெடைக்கும். அங்கதான் பீரங்கிக்கு வேலி போடப் போறாங்க. ஒரு கல்லு நகத்தக் கூடாதாம்."

"ராம்ப் போட முடியலைன்னா?"

"திங்கக்கிழமைக்குள்ள சென்னைக்குப் பதில் சொல்லணும். பழைய வேலைய இன்னும் யாருக்கும் குடுக்கல."

பிலோமினா புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் இறந்து நான்கு வருடமாகிறது. மகள் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. கதை எனக்குப் புரிந்தது. உண்மையல்லாத ஒரு வாக்கியம் கருங்கல்லில் ஏறிவிட்டது. அதை ஞாயிறு பத்து மணிக்குள் வெட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பொய்யின் ஆசிரியரைப் பார்க்கப் போனேன். பெயர் கலியபெருமாள். வயது நாற்பத்திரண்டு. மஞ்சக்குப்பத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் இருபது பேரை அழைத்துக்கொண்டு பழைய கட்டடங்களைக் காட்டுகிறார். நான் வெளியூர்ப் பத்திரிகைக்காரி என்றதும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எனக்காகவே ஒரு தனி நடை ஏற்பாடு செய்தார். அவரை வெறுப்பதாக முடிவு செய்துகொண்டு போன எனக்கு அது முதல் சங்கடம்.

கண் பரிசோதனைக்கு எழுத்துகளைச் சுட்டும் குச்சியையே கட்டடங்களைச் சுட்டவும் கொண்டுவந்திருந்தார். பழக்கதோஷத்தில், "இது தெரியுதா? அதுக்குக் கீழ உள்ளது தெரியுதா?" என்றே ஜன்னல்களைக் காட்டினார்.

மஞ்சக்குப்பத்தில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு பங்களாவின் முன் நின்றோம். அங்கிருந்த காவலாளி, கேட்காமலேயே, "தொர இங்கதான் படுப்பாரு" என்றார்.

"எந்தத் துரைங்க?"

"வெள்ளக்காரத் தொர."

அடுத்த தெருவில் சுவர் இரண்டடி கனமுள்ள ஒரு வீட்டிலும் துரை படுத்திருக்கிறார். அதற்கடுத்த ஆபீஸில் படுத்ததோடு குளித்தும் இருக்கிறார். மதியத்துக்குள் நான் குறித்துக்கொண்ட கணக்கில் துரை ஐந்து இடங்களில் தூங்கியிருந்தார். ஆட்சி செய்ய அவருக்கு நேரம் எப்போது கிடைத்தது என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் இந்தத் தொல்லை இல்லை. கோயம்புத்தூரில் நூறு வருடம் என்றால் மில், அதற்கு முன்னால் பருத்திக் காடு. அங்கே துரை படுத்திருந்தால் முள் குத்தியிருக்கும்.

தேவனாம்பட்டினத்தில் கோட்டையின் மிச்சத்தைக் காட்டினார். செங்கல், புதர், ஒரு ஆடு. ஆனால் அவர் சொன்ன கதை உண்மைக் கதை. கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்து என்று பேச்சு. சுட்டார்கள். விழுந்த இடம் வரை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு ஊருக்கும் ஒரு சாலைக்கும் இன்றும் பெயரில் 'குண்டு' இருக்கிறது. டவுன் பஸ் போர்டில் பார்க்கலாம்.

"ஊரையே பீரங்கிய வெச்சு அளந்தவனுங்க மேடம். ஒரு வீட்டு முக்க வெட்ட மாட்டானா?" என்றார் கலியபெருமாள்.

வேறு எந்த ஊரிலும் ஒரு மூலை வெட்டுப்பட்டிருந்தால், மாட்டுவண்டி இடித்திருக்கும் என்பார்கள். இங்கே முதலில் நினைவுக்கு வருவது பீரங்கிதான். அதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

"ஆதாரம் ஏதாவது இருக்குதுங்களா?"

"முக்குதான் ஆதாரம்" என்றார். பிறகு என் கண்ணாடியைக் கழற்றித் தரச் சொல்லி, திருகை இறுக்கிக் கொடுத்தார். "ரொம்ப நாளா லூசா இருந்திருக்கு. எப்டித்தான் படிச்சீங்களோ." அது இரண்டாவது சங்கடம்.

மதியம் சங்கரா மீன் குழம்பு. காரம் எங்கள் ஊர்க் காரத்துக்கு இரண்டு மடங்கு. கடலூரின் ஜூன் மாத வெக்கையில் அதைச் சாப்பிட்டுவிட்டு முகம் துடைத்த துண்டைக் காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். காற்றில் அத்தனை ஈரம். துண்டு காய்வதற்குப் பதிலாக மேலும் நனைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கைப்பிடிச் சுவரைப் பார்த்தேன்.

அதுவும் வெட்டப்பட்டிருந்தது. கீழே உள்ள அதே சாய்வில், அதே அளவில். நடுவில் இருந்த முதல் மாடிச் சுவரும் அப்படியே. மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு.

பீரங்கி என்பது இடுப்பளவு சாமான். அது முதல் மாடியில் இடிக்காது. மொட்டை மாடியில் இடிக்கவே இடிக்காது.

வெட்டிய இடத்தில் பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்திருந்தது. வீட்டின் மற்ற சுவர்களெல்லாம் சுண்ணாம்புக் காரை, நகத்தால் கீறினால் வெள்ளையாக உதிர்கிறது. இந்த இடத்தில் சாம்பல் நிறம், நகம்தான் உடைந்தது. சிமென்ட்.

கீழே இறங்கி வந்து பிலோமினாவைக் கேட்டேன். "இந்தச் சந்துல மாடி உசரத்துக்கு என்னடி போகும்?"

"என்னா போவும்? ஒண்ணும் போவாது. கேபிள் ஒயர்தான். அடுத்த மாசம் திருவிழாவுக்கு மாதா தேரு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். மருமகளாக அந்த வீட்டுக்கு வந்து முப்பத்தோரு வருடம். வருடம்தோறும் தேர் பவனி அந்த முக்கில் திரும்பும்போது மெழுகுவர்த்தியோடு கீழே நின்றிருக்கிறாள். மாதாவைப் பார்த்திருக்கிறாள். சுவரைப் பார்த்ததில்லை.

"அப்ப பீரங்கி இல்ல. தேருக்கு வெட்டுனது" என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

பிலோமினாவும் ஜெனிட்டாவும் மகிழ்ச்சியடையவில்லை.

"பங்குக் கோயில்ல உடுவாங்களா?" என்றாள் பிலோமினா. "மாதா திரும்பற எடத்துல மேட கட்டறன்னு சொன்னா ஊரே வந்து நிக்கும். ஃபாதர் ஒண்ணும் சொல்லலன்னாலும் அன்பியக் கூட்டத்துல உக்கார வெச்சுக் கேப்பாங்க."

ஜெனிட்டா அமைதியாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, பீரங்கியே தேவல."

இருபத்தாறு வருடத்தில் பல செய்திகளைத் திருத்திக் கெடுத்திருக்கிறேன். இவ்வளவு வேகமாகக் கெடுத்ததில்லை.

தேர் எப்படித் திரும்புகிறது என்று தெரிந்தவர் யார் என்று கேட்டேன். தேர்ச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்துத் திருப்புகிற கொளஞ்சி என்றார்கள். சிதம்பரத்துக்காரர். கோயில் தேர், சர்ச் தேர் என்று பார்ப்பதில்லை; மாவட்டத்தில் எங்கே தேர் ஓடினாலும் திருப்புவது அவர் ஆட்கள்தான். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா.

சனிக்கிழமை காலை சிதம்பரம் போகும் பேருந்தில் ஏறினேன். ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் டயர் உட்கார்ந்துவிட்டது. டிரைவர் இறங்கி டயரை ஒரு உதை உதைத்தார். எல்லா ஊர் டிரைவர்களும் இதைச் செய்கிறார்கள், எந்த ஊரிலும் இதனால் டயர் எழுந்ததில்லை. நாற்பது பேரும் இறங்கி ஒரு நுங்கு வண்டியைச் சூழ்ந்துகொண்டோம். எங்களுக்குப் பின்னால் வந்த பேருந்தில் எங்களை ஏற்றிவிட்டார்கள். அதில் ஏற்கெனவே அறுபது பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகு நான் சிதம்பரம் வரை பார்த்தது ஒருவருடைய சட்டைப் பையை. அதில் இரண்டு பேனாக்கள் இருந்தன.

சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றி நான்கு வீதிகள். கீழ வீதியில் தேர்களுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனித் திருவிழா நெருங்கிவிட்டது. நான் தேர்களைப் பார்க்கவில்லை, வீடுகளைப் பார்த்தேன். கீழே செல்போன் கடை, அதற்கு மேலே பழைய மடத்தின் சுதை வேலை செய்த நெற்றி, அதை மறைத்து ஒரு பிளெக்ஸ். அடுத்தது முன்பு சத்திரம், இப்போது பாத்திரக் கடை. சத்திரம் கட்டியவரின் பெயர்ப்பலகைக்கு மேல் ஒரு குக்கர் தொங்கியது. எந்தக் கடையின் போர்டும் வீதிக்குள் ஓர் அளவுக்கு மேல் நீளவில்லை. யாராவது நீட்டினால் என்ன ஆகும் என்று பாத்திரக் கடைக்காரரைக் கேட்டேன்.

"தேரு பாத்துக்கும்" என்றார்.

ஒரு மெஸ்ஸில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டேன். பரிமாறியவர் கொத்சை ஊற்றிவிட்டு, நான் முதல் வாய் சாப்பிடும்வரை நகரவில்லை. "எப்டி?" என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். "சாம்பார் வேணுமா?" வேண்டாம் என்றேன். "கேட்டீங்கன்னா குடுத்திருப்பேன். ஆனா மரியாத போயிருக்கும்" என்றார்.

கொளஞ்சிக்குப் போன் செய்தேன். கட்டை அறுக்கக் கீரப்பாளையத்தில் மர அறுவை மில்லில் இருப்பதாகச் சொன்னார். நான் மினி பஸ்ஸில் கீரப்பாளையம் போனேன். வயல்களுக்கு நடுவில் இருந்த அந்த மில்லில், "இப்பத்தானே சிதம்பரம் போறேன்னு கௌம்புனாரு, யாரோ அம்மா காத்துக்கினு இருக்காங்களாம்" என்றார்கள். திரும்பப் போன் செய்தேன். "நீங்க அங்கயே இருங்க, நான் வரேன்" என்றார். நானும் அதே சமயத்தில் அதையேதான் சொன்னேன். பிறகு இருவரும் மரியாதையாக அடுத்தவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு கிளம்பினோம். நடுவழியில் எதிரெதிரே கடந்திருக்க வேண்டும். மூன்றாவது முறைதான் சந்தித்தோம், மேல வீதியில், அவருடைய தண்ணீர் கேன் கடையில்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். கைவிரல்கள் என்னுடையவற்றைப் போல இரண்டு மடங்கு. கடையில் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் புளியமரத்தில் செய்த முட்டுக்கட்டைகள் அடுக்கியிருந்தன.

"ஓ.டி.யில மூல வெட்டுன வீடுங்க..." என்று நான் முடிப்பதற்குள், "பெலோமினா அம்மா வூடு" என்றார். மாவட்டம் முழுவதும் அவருக்கு மூலைகளாகத்தான் தெரிந்தது. இரண்டு மூலைகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பது பற்றி அவருக்கு அக்கறை இல்லை.

"எங்கப்பா இருந்தப்ப பங்குல புதுத் தேரு செஞ்சாங்க. ஒசரம் ஜாஸ்தி. மேல கூடாரம் அகலமா வெச்சிட்டாங்க. அந்த முக்குல வந்து செவுத்துல மாட்டிக்கிச்சு. முன்னாலயும் போவல, பின்னாலயும் வரல. செபமால மூணு சுத்து சொல்லிட்டாங்க. அந்தம்மாவோட மாமனாரு சட்டையக் கழட்டி வெச்சிட்டுக் கடப்பாரைய எடுத்துக்கினு மாடிக்குப் போயிட்டாரு. அவரு வூட்ட அவரே இடிச்சாரு. எங்கப்பா கீழ நின்னு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு சொன்னாராம்."

"அப்போ அங்க சாய்தளம் கட்ட முடியாதுங்களா?"

"எதுக்கு?"

சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு தண்ணீர் கேனை மேசைமேல் வைத்து, அதன் தலையில் ஒரு தட்டைக் கவிழ்த்தார். "இதான் தேரு. கீழ சக்கரத்து அகலம் அஞ்சரை அடி, மேல கூடாரம் பத்தடி. சக்கரம் சந்து நடுவுலதான் போவும், அத நடுவுல போவ வெக்கத்தான் நானு. இடிக்கறது மேல." கேனைத் திருப்பினார். தட்டு என் மூக்கைத் தொட்டது. "கீழ என்னா வேணா கட்டிக்கட்டும். அஞ்சடிக்கு மேல எதுவும் ஏறக் கூடாது."

சாய்தளம் உயரமான முனையில் ஒன்றரை அடி. கைப்பிடி அதற்கு மேல் மூன்றடி. மொத்தம் நாலரை. நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

பீரங்கிக்குத் தரை வேண்டும். மாதாவுக்கு ஆகாயம்தான் வேண்டும்.

ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "மேலே இடிச்சா மேலே மட்டும்தானுங்க வெட்டணும்? தரை வரைக்கும் எதுக்கு வெட்டினாங்க?"

"மேல மட்டும் வெட்டுனா வூடு மொட்ட அடிச்ச மாரி இருக்கும்னாராம். அடிவரைக்கும் ஒரே நேரா வெட்டிட்டா நல்லாருக்கும்னு." கொளஞ்சி கேனை மறுபடி அடுக்கினார். "கொஞ்சம் ஷோக்குப் பேர்வழி அவரு."

அந்த ஷோக்குதான் கலியபெருமாளை ஏமாற்றியிருக்கிறது.

ஞாயிறு காலை எட்டரைக்குக் கொளஞ்சி பைக்கில் வந்தார். எப்படியும் திருவிழாவுக்கு முன் சந்தின் அகலத்தை அளக்க வர வேண்டியதுதான், ஐந்தடிக்குள் கட்டினால் தேருக்கு இடைஞ்சல் இல்லை என்று பங்கிலும் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். கலியபெருமாள் ஏற்கெனவே அங்கே இருந்தார், துணி சுற்றிய கருங்கல்லுக்குப் பக்கத்தில், குச்சியோடு, சந்தன நிறச் சட்டையில். அவருடைய நடைக் குழு ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு இருதயராஜ் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று வாரமாக அவர் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருபது பேர் நின்று கேட்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்.

நான் கொளஞ்சியை அறிமுகம் மட்டும் செய்தேன்.

"தேரா?" என்றார் கலியபெருமாள், கதையைக் கேட்ட பிறகு. "இருக்கலாம். பீரங்கி போன எடத்துல பின்னாடி தேரு போயிருக்கும். ஒண்ணு போன வழியில இன்னொண்ணு போவக் கூடாதா?"

"தாராளமா போவலாம் சார்" என்றார் கொளஞ்சி. "ஆனா பீரங்கி மாடி ஏறாது."

கலியபெருமாள் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். அவருடைய குழுவும் பார்த்தது. முதல் மாடி, அதற்கு மேல் கைப்பிடிச் சுவர், அதற்கு மேல் என் துண்டு. குச்சி மெதுவாக மேலே போய், வெட்டிய கோட்டின் வழியாகக் கீழே வந்தது.

"எத்தினி வாட்டி இங்க நின்னு பேசியிருக்கேன்" என்றார். "மேல பாத்ததே இல்ல."

"மத்தவங்க கண்ணத்தானே நீங்க பாப்பீங்க மாப்ள" என்றார் எதிர்வீட்டு இருதயராஜ்.

"சும்மா இரு மாமா."

பிலோமினா உள்ளே போய் பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினாள். "தம்பி, கோவிச்சிக்காத. பொண்ணு இங்கியே இருக்கணும்னு பாக்கறேன். அதுக்கு இந்த எடம் வேணும். கையெழுத்துப் போட்டது தப்புதான்."

கலியபெருமாள் பொன்னாடையை வாங்கவில்லை. ஜெனிட்டாவைப் பார்த்தார். "எவ்ளோ நீளம் வேணும்?"

"பதினெட்டு அடி சார்."

அவரே டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார். கொளஞ்சி மறுமுனையைப் பிடித்தார். பதினெட்டு அடி நான்கு அங்குலம் இருந்தது. கம்பிக்குத் தோண்டிய குழிகளில் இரண்டை அப்படியே கைப்பிடிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கலியபெருமாள்தான் சொன்னார். நான் அவரை வெறுக்கும் வேலையை அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

மணி ஒன்பதரை. கல் இருந்தது. கவுன்சிலர் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது.

"கல்ல இன்னா பண்றது?" என்றார் குழுவில் ஒருவர்.

"பீரங்கி இந்தத் தெருவுல திரும்புனது உண்ம" என்றார் கலியபெருமாள். குரல் பழையபடி வந்துவிட்டது. "எந்த முக்குன்றதுதான் ஆய்வுல இருக்குது."

இருதயராஜ் நாற்காலியை விட்டு எழுந்தார். "ஆய்வு முடியற வரைக்கும் எங்க செவுத்துல வேணா இருக்கட்டும் மாப்ள. எங்க வூடும் முக்குதானே."

எல்லோரும் திரும்பி அவர் வீட்டைப் பார்த்தார்கள். கிரானைட் முகப்பு, எவர்சில்வர் கைப்பிடி, மூலை கத்தி போலக் கூர்மையாக இருந்தது. குழுவில் இரண்டு பேர் கல்லைத் தூக்கி அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். பத்து மணிக்குக் கவுன்சிலர் வந்து, இருதயராஜ் வீட்டுச் சுவரில் சாய்த்துவைத்த கல்லின் துணியை விலக்கினார். பொன்னாடை இருதயராஜுக்குப் போனது. கலியபெருமாள் இருபது நிமிடம் பேசினார். முதல் பத்து நிமிடம் பீரங்கி. அடுத்த பத்து நிமிடம், எதிரே பிலோமினா வீட்டைக் குச்சியால் காட்டி, மாதா தேருக்காக ஒரு மனிதர் தன் வீட்டைத் தானே இடித்த வரலாறு. தன் நடைக் குழுவின் புதிய கண்டுபிடிப்பு என்றார். இரண்டாவது பாதிக்குக் கைதட்டல் அதிகமாக இருந்தது. கொளஞ்சி முன்வரிசையில் நின்று, தனக்குத் தெரியாத கதையைக் கேட்பவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். பிலோமினா எல்லோருக்கும் மறுபடி போண்டா சுட்டாள்.

அன்று மாலை ஜெனிட்டா சென்னைக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னாள். பேசி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு கொத்தனார்கள் வந்தார்கள். ஒருவர் இருதயராஜ் வீட்டில் கல்லைப் பதிக்க, இன்னொருவர் பிலோமினா வீட்டில் சாய்தளம் கட்ட. சிமென்ட்டை ஒரே சட்டியில் குழைத்துக்கொண்டார்கள்.